கவிதைக்குக் காப்புரிமை வாங்க வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

கவிதைத் திருட்டு, போட்டி விதிமுறை, பதிவுக் கட்டணம் என்று வந்த கடிதங்களிலிருந்து எடுத்துப் பதில் சொல்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டோம். வேறு நாட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் பேசுவது இந்தியச் சட்டத்தைத்தான்.

பத்து வருடமாக எழுதுகிறேன். புத்தகம் போட்டதில்லை, ஃபேஸ்புக்கில் மட்டும் போடுகிறேன். ஒவ்வொரு கவிதைக்கும் காப்புரிமை வாங்கினால்தான் பாதுகாப்பு என்கிறார் நண்பர். செலவு செய்யலாமா?
– தேனி வாசகர்

வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே இருப்பதை எதற்கு வாங்க வேண்டும்? காப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, சொந்தமாக எழுதிய கவிதைக்கு உரிமை அதை எழுதியபோதே வந்துவிடுகிறது. விண்ணப்பம், முத்திரை, கட்டணம் எதுவும் தேவையில்லை. நீங்கள் வாழும் காலம் முழுவதும் அது உங்களுடையது. அதன் பிறகு 60 ஆண்டு உங்கள் வாரிசுகளுடையது. கவிதை நன்றாக இருக்கிறதா, பத்திரிகையில் வந்ததா, நீங்கள் பிரபலமா என்பதையெல்லாம் சட்டம் பார்ப்பதில்லை.

பதிவு என்று ஒன்று உண்டு. அது விருப்பத்தின்பேரில் செய்வது. பதிவு இல்லாமல் வழக்கே போட முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றத்தில் 2012-ல் ஒரு தீர்ப்பு வந்து கொஞ்ச காலம் குழப்பியது. அது சரியல்ல என்று அதே நீதிமன்றம் 2021-ல் சொல்லிவிட்டது. பதிவு கட்டாயமில்லை என்பதுதான் சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய நிலைப்பாடும்.

கட்டணம் ஒரு படைப்புக்கு 500 ரூபாய். உங்களிடம் 60 கவிதை இருந்தால் தனித்தனியாகப் பதிய 30,000 ரூபாய். அந்தப் பணத்தில் ஒரு தொகுப்பே அச்சடித்துவிடலாம். பெரும்பாலான கவிஞர்கள் தடுக்கி விழுவது பதிவு செய்யாததால் அல்ல. இரண்டு இடங்களில் விழுகிறார்கள்: எப்போது எழுதினோம் என்பதற்குச் சாட்சி வைத்திருப்பதில்லை, படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

கவிதையை ஒரு கவரில் போட்டு எனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் வைத்திருக்கிறேன். இது செல்லுமா?
– கும்பகோணம் வாசகர்

சட்டத்தில் இதற்குத் தனி மதிப்பு கிடையாது. தபால் முத்திரை காட்டுவது கவர் அனுப்பிய தேதியைத்தான். பசை ஒட்டாத வெறும் கவரை முதலில் அனுப்பிவிட்டு, பிறகு கவிதையை உள்ளே வைத்து ஒட்டியிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு வரி சொன்னால் உங்கள் கவர் பலமிழந்துவிடும். வைத்திருப்பதில் தீங்கில்லை, அதையே நம்பியிருக்க வேண்டாம்.

உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத ஒருவரிடம் பதிவாகும் தேதிதான் நல்ல சாட்சி. ஒரு இதழுக்குக் கவிதை அனுப்பிய மின்னஞ்சல் இதில் முதல் தரம். இதழ் பிரசுரிக்காவிட்டாலும் பரவாயில்லை. அடுத்தது ஃபேஸ்புக் போன்ற தளத்தில் பொதுவில் போட்ட பதிவு. அதில் பலர் ஒரு வேலை செய்கிறார்கள்: பழைய பதிவையே திறந்து வரிகளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். மாற்றிய வரலாறு அங்கேயே தெரியும் என்பதால், திருட்டுப்போன வரி முதல் வடிவத்தில் இருந்ததா, பிறகு சேர்த்ததா என்ற கேள்வி எழும். திருத்திய வடிவத்தைப் புதிய பதிவாகப் போடுங்கள், பழையதைத் தொடாதீர்கள்.

கணினிக் கோப்பின் தேதியை நம்பிவிடாதீர்கள். கோப்பைப் புதிய பென்டிரைவுக்கோ கணினிக்கோ நகல் எடுத்தாலே ‘உருவாக்கிய தேதி’ நகல் எடுத்த நாளாக மாறிவிடும். மாதம் ஒருமுறை, அந்த மாதக் கவிதைகளை ஒரே பிடிஎஃப் ஆக்கி உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி, அந்த அஞ்சலை அழிக்காமல் வையுங்கள். ஐந்து நிமிட வேலை. நோட்டில் எழுதுபவர் என்றால் அடித்தல் திருத்தலோடு இருக்கும் பக்கத்தைக் கிழித்துப் போடாதீர்கள்; கவிதை வளர்ந்த வழியைக் காட்டும் அந்தப் பக்கம், திருடியவரிடம் இருக்கவே இருக்காது.

வழக்கு என்று வந்தால் மின்னணு ஆவணத்தை வெறும் பிரிண்ட் அவுட்டாகக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம், பிரிவு 63-ன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் ஆவணத்தைத் தருபவர் ஒரு பகுதியும், தொழில்நுட்பம் தெரிந்தவர் ஒரு பகுதியும் நிரப்புவார்கள். கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியீடு; கோப்பு மாறினால் அதுவும் மாறும்) குறிக்க வேண்டும். அதனால் மூலக் கோப்பும் மூல மின்னஞ்சலும் கையில் இருக்கட்டும்.

அப்படியானால் யார்தான் பதிவு செய்ய வேண்டும்? எப்படிச் செய்வது?
– சேலம், விருதுநகர், புதுச்சேரி வாசகர்கள்

மூன்று பேருக்குச் சொல்வோம். புத்தகம் போடப்போகிறவர், இசையமைப்பாளரிடமோ சினிமாக்காரரிடமோ வரிகளைக் காட்டப்போகிறவர், ஏற்கெனவே ஒருமுறை திருட்டுக் கொடுத்தவர். மற்றவர்கள் மின்னஞ்சலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பதிவு செய்வதானால் கவிதைகளைத் தொகுத்து ஒரு தலைப்பிட்டு, ஒரே இலக்கியப் படைப்பாகப் பதியுங்கள். கட்டணம் 500 ரூபாயோடு முடிந்துவிடும். விண்ணப்பம் டெல்லி துவாரகையில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு, அதன் அரசு இணையதளம் வழியே. பயனர் கணக்கு திறந்து, 14-ஆம் எண் படிவத்தையும் அதோடு வரும் இரண்டு விவரப் பட்டியல்களையும் நிரப்பி, கையெழுத்தையும் கவிதைத் தொகுப்பின் பிடிஎஃபையும் ஏற்றி, பணம் கட்டினால் ஒரு டைரி எண் கிடைக்கும். அதிலிருந்து 30 நாள் யாராவது ஆட்சேபணை தெரிவிக்கிறார்களா என்று காத்திருப்பார்கள். பிறகு பரிசீலகர் பார்ப்பார். குறை இருந்தால் கடிதம் வரும். அதற்கு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மின்னஞ்சலைப் பார்க்காமல் இருந்து விண்ணப்பத்தைக் கோட்டைவிடுபவர்கள் உண்டு. எல்லாம் சரியென்றால் பதிவேட்டின் பிரதி வரும்.

குறை எங்கே வருகிறது? பெரும்பாலும் ‘வெளியிடப்பட்டதா, இல்லையா’ என்ற கட்டத்தில். அச்சுப் புத்தகம் வரவில்லை என்பதால் ‘வெளியிடப்படாதது’ என்று குறிக்கிறார்கள். ஆனால் பொதுமக்களுக்குக் கிடைக்கும்படி இணையத்தில் போடுவதும் சட்டப்படி வெளியீடுதான். ஃபேஸ்புக்கில் போட்ட கவிதைக்கு முதல் வெளியீட்டு ஆண்டையும் நாட்டையும் எழுத வேண்டும். ஆகவே போட்டது ஒரு தொகுப்பு, போடாதது ஒரு தொகுப்பு என்று பிரித்துக்கொள்வது நல்லது.

அடுத்த குறை, பிடிஎஃபில் அடுத்தவர் பொருள் இருப்பது. அட்டைப்படம் ஓவியருடையது, அணிந்துரை எழுதியவருடையது. இரண்டும் உங்கள் படைப்பல்ல. பதிவுக்கு அனுப்பும் பிரதியில் இவற்றை எடுத்துவிட்டுக் கவிதைகளை மட்டும் வையுங்கள். புத்தகம் ஏற்கெனவே ஒரு பதிப்பகம் வழியாக வந்திருந்தால் பதிப்பாளரின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் கேட்பார்கள். புனைபெயரில் எழுதுபவர், ஆசிரியர் கட்டத்தில் இயற்பெயரையும் புனைபெயரையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பதிவுச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு ‘என் கவிதை அசல் என்று அரசே சொல்லிவிட்டது’ என்று நினைக்கக் கூடாது. அலுவலகம் உங்கள் வரியை ஊரில் உள்ள எல்லாக் கவிதையோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. பதிவேட்டில் உள்ள விவரம் முதல்நோக்கில் உண்மை என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் (பிரிவு 48). பொய் என்று நிரூபிக்கும் பாரம் எதிராளிக்குப் போகும். 500 ரூபாய்க்குக் கிடைப்பது அதுதான், அது மோசமில்லை.

நான் எழுதிய கருத்தையே இன்னொருவர் எழுதிவிட்டார். இது திருட்டா?
– திருச்சி வாசகி

கருத்துக்குக் காப்புரிமை இல்லை. உச்ச நீதிமன்றம் 1978-ல் ஒரு நாடகம், சினிமா வழக்கில் சொன்னது இன்றுவரை நிற்கிறது: கருத்து, கரு, வரலாற்று நிகழ்ச்சி யாருக்கும் சொந்தமில்லை, அதைச் சொன்ன விதம்தான் சொந்தம். உதாரணத்துக்கு மூன்று வரி:

மழை விட்ட பிறகும்
குடையை மடக்காமல் நடக்கிறாள் பாட்டி;
வெயிலுக்கென்று அவளிடம் வேறு குடை இல்லை.

ஒரே குடையை மழைக்கும் வெயிலுக்கும் வைத்திருக்கும் ஏழைக் கிழவியைப் பற்றி இன்னொருவர் பத்து வரி எழுதினால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. செய்யவும் கூடாது, கவிதை அப்படித்தான் ஒன்றிலிருந்து ஒன்று முளைக்கிறது. ஆனால் ‘பாட்டி’யை ‘அம்மா’ ஆக்கி, ‘மடக்காமல்’ என்பதைச் ‘சுருக்காமல்’ என்று மாற்றி, அதே மூன்று வரியை அதே வரிசையில், கடைசி வரியின் அதே திருப்பத்தோடு போட்டால் அது நகல். இரண்டையும் படித்த சாதாரண வாசகருக்கு ‘இது அதைப் பார்த்து எழுதியது’ என்று ஐயமில்லாமல் தோன்றுகிறதா என்பதே அளவுகோல். அசலை அவர் பார்த்திருக்க வாய்ப்பு இருந்ததா என்பதும் கணக்கில் வரும். நோட்டில் மட்டுமே இருந்த கவிதையை மதுரையில் ஒருவர் எப்படித் திருடியிருக்க முடியும்?

இரண்டு சொல் தலைப்பு, ‘நிலா முகம்’ மாதிரி வழக்கமான உவமை, ‘அன்பே அமுதே’ – இவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை. தலைப்புக்கு மட்டும் காப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

கவிதைப் போட்டிக்கு அனுப்பினேன். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் ‘போட்டிக்கு வரும் படைப்புகளின் முழு உரிமையும் அமைப்பாளருக்கே’ என்று விதியில் இருந்தது. இப்போது என் கவிதையை நான் புத்தகத்தில் சேர்க்கலாமா?
– ஈரோடு வாசகர்

தாராளமாகச் சேர்க்கலாம் என்பதே எங்கள் கருத்து. காப்புரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்து இருக்க வேண்டும் (பிரிவு 19). எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்தனை வருடம், எந்த நாட்டுக்கு, எவ்வளவு ஊதியம் என்பதும் அதில் வர வேண்டும். துண்டறிக்கையில் ஒரு வரி அச்சடித்ததால் மட்டும் நீங்கள் எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடாது. போட்டிக்கு அனுப்பியதன் மூலம், போட்டி சார்ந்து அதைப் பயன்படுத்த அனுமதித்தீர்கள் என்று வேண்டுமானால் வாதிடலாம்.

கையெழுத்துப் போட்டு அனுப்பும் நுழைவுப் படிவம் இருந்தால் மட்டும் கவனம். அப்போதும் சட்டம் உங்கள் பக்கம் சில வேலிகளைப் போட்டிருக்கிறது. ஒப்பந்தத்தில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு மட்டும். இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது உங்களுக்கே திரும்பிவிடும்.

‘முழு உரிமை’ என்று இருக்கும் இடத்தில், அனுப்பும் முன் இப்படி மாற்றக் கேளுங்கள்: ‘பரிசு பெறும் கவிதையைப் போட்டித் தொகுப்பில் ஒருமுறை, ஆசிரியர் பெயருடன், அச்சிலும் மின்நூலிலும் வெளியிட அனுமதி. பிற உரிமைகள் ஆசிரியருக்கே.’ நேர்மையான அமைப்பாளர் மறுக்க மாட்டார். மறுப்பவருக்குக் கவிதை அனுப்ப வேண்டிய அவசியமும் இல்லை.

ஆயிரம் ரூபாய் கட்டினால் இரண்டு பக்கம் தருகிறோம் என்று வரும் கூட்டுத் தொகுப்புகளுக்கும் இதே விதி. பணமும் கொடுத்து உரிமையையும் கொடுப்பதைப் போல அநியாயம் வேறில்லை. இதழில் வந்த கவிதையும் அப்படியே. வேறு எதுவும் எழுதிக் கொடுக்காதவரை இதழுக்கு இருப்பது அந்தப் பிரசுர உரிமை மட்டும். பிறகு உங்கள் தொகுப்பில் சேர்க்கும்போது ‘நன்றி’ என்று இதழின் பெயரைப் போடுவது மரபு. சட்டக் கட்டாயம் இல்லை. அந்த இதழில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்றால் மட்டும் கணக்கு வேறு.

என் கவிதையை என் பெயர் இல்லாமல் ஒரு பக்கத்தில் போட்டு, ஆயிரக்கணக்கில் பகிர்ந்திருக்கிறார்கள். என்ன செய்வது? பின்னூட்டத்தில் திட்டியாகிவிட்டது.
– நாகர்கோவில் வாசகி

திட்டியதும் அவர் பதிவை அழித்துவிட்டால் உங்கள் சாட்சியும் போய்விடும். வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் முழுப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், இணைய முகவரியும் தேதியும் தெரியும்படி. பிறகு அந்த முகவரியை இணைய ஆவணக் காப்பகமான வேபேக் மெஷினில் சேமியுங்கள் (எல்லாத் தளங்களும் அதற்கு இடம் தருவதில்லை). உங்கள் மூலப் பதிவுக்கும் அதேபோல் ஒரு ஸ்கிரீன்ஷாட். இவ்வளவும் முடிந்த பிறகு தனிச்செய்தியில் மரியாதையாக எழுதுங்கள். ஃபார்வர்டாக வந்ததை எழுதியவர் பெயர் தெரியாமல் போட்டவர்கள்தான் அதிகம், பெயரைச் சேர்த்துவிடுவார்கள்.

இதழ், பதிப்பகம், சேனல் என்றால் கடிதம். நீளம் வேண்டாம்:

‘குடை’ என்ற என் கவிதை 14-3-2023 அன்று என் பக்கத்தில் வெளியானது. அது என் பெயரின்றி உங்கள் இதழில் வந்துள்ளது. இரண்டின் நகலும் இணைத்துள்ளேன். நான் அனுமதி தரவில்லை. இது காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவுகள் 51, 57-க்கு மாறானது. 15 நாளுக்குள் அடுத்த இதழில் என் பெயருடன் திருத்தம் வெளியிட்டு, இணையப் பதிப்பிலும் பெயரைச் சேர்க்கக் கோருகிறேன்.

பிரிவு 57-ஐக் குறிப்பிட மறக்காதீர்கள். அமெச்சூர் கவிஞருக்கு இந்தச் சட்டத்திலேயே பயனுள்ள பகுதி அதுதான். ‘இது நான் எழுதியது’ என்று சொல்லும் உரிமையும், பெயர் கெடும்படி வரிகளைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் உரிமையை விற்ற பிறகும் உங்களிடமே இருக்கும். கவிதையால் பணம் வராதவருக்குப் பெயர்தானே ஊதியம்?

பதில் இல்லையென்றால் தளத்திடம் புகார். ஃபேஸ்புக், யூடியூப் இரண்டிலும் காப்புரிமைப் புகார்ப் படிவம் உண்டு. ‘ரிப்போர்ட்’ பொத்தானை அழுத்துவது வேறு, அந்தப் படிவம் வேறு. இந்தியச் சட்டப்படியும் எழுத்தில் புகார் தரலாம். காப்புரிமை விதிகள் 2013-ன்படி, முறையான புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் தளம் அந்தப் பொருளை முடக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் அது மறுபடி திறக்கலாம். வழக்குப் போடுவதாகப் புகாரிலேயே உறுதி தர வேண்டும் என்பதால், இரண்டு வரி நகலுக்கு இந்த வழியில் இறங்க வேண்டாம்.

வாட்ஸ்அப் ஃபார்வர்டைத் துரத்தாதீர்கள். முடியாது. அடுத்த முறை கவிதையைப் படமாகப் போடும்போது பெயரை ஓரத்தில் வைக்காமல், வெட்டினால் வரியும் வெட்டுப்படும்படி கடைசி வரிக்கு ஒட்டி வையுங்கள்.

நீதிமன்றம் போகத்தான் வேண்டும் என்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் (பிரிவு 62). எதிராளி ஊருக்கு அலைய வேண்டாம். காலக்கெடு 3 ஆண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார், வருமானம் பார்க்க மாட்டார்கள். தெரிந்தே திருடுவது குற்றமும்கூட: 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். அதற்காக எடுத்தவுடன் ‘ஜெயிலுக்கு அனுப்புவேன்’ என்று மிரட்டாதீர்கள். ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிராக அவரே வழக்குப் போடப் பிரிவு 60 இடம் தருகிறது. பொதுவெளியில் ‘திருடன்’ என்று எழுதினால் அவதூறு வழக்கும் வரும்.

கவியரங்கத்தில் வாசித்த கவிதையை அமைப்பாளர்கள் யூடியூபில் ஏற்றிவிட்டார்கள்.
– காரைக்குடி வாசகர்

வீடியோ அவர்களுடையது, கவிதை உங்களுடையது. மேடையில் நிகழ்த்தியவர் என்ற வகையிலும் உங்களுக்குத் தனி உரிமை உண்டு. அது 50 ஆண்டு. ஏற்றுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டும். நடைமுறையில், பெயரும் ஊரும் விவரக்குறிப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். தேதி போட்ட சாட்சி இலவசமாகக் கிடைத்திருக்கிறது. வெளியே வராத புதுக் கவிதையை வாசிக்கும் முன் மட்டும் ஒரு மின்னஞ்சல் நகல் இருக்கட்டும்.

என் கவிதைக்கு மெட்டுப் போட்டு ஆல்பம் வெளியிட ஒருவர் கேட்கிறார். ‘வாய் வார்த்தை போதும் அண்ணே’ என்கிறார்.
– கோவை வாசகர்

போதாது. எழுத்தில் வாங்குங்கள்: எந்தக் கவிதை, எந்த ஒரு பாடலுக்கு, பெயர் எங்கே வரும், வரியை மாற்றலாமா, எத்தனை வருடம், தொகை எவ்வளவு. பாட்டுக்கு ஏற்ப அசை நீட்டவும் சொல் மாற்றவும் கேட்பார்கள். மாற்றும் முன் காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பிறகு சண்டை இல்லை.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, ஒலிப்பதிவிலோ சினிமாவிலோ சேர்ந்த வரிகளுக்கு வரும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை எழுதியவர் விட்டுக்கொடுக்கவே முடியாது (சினிமாவோடு சேர்த்துத் திரையரங்கில் ஓடுவது இதில் சேராது). வாரிசுக்கும் பதிவு பெற்ற காப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டும் மாற்றலாம். ‘ராயல்டி உட்பட எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறேன்’ என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த வரி செல்லாது. இன்று புழக்கத்தில் இல்லாத, நாளை வரக்கூடிய ஊடகத்துக்கும் சேர்த்து எழுதி வாங்குவதும், அந்த ஊடகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தாலொழிய, செல்லாது.

சின்னக் கேள்விகள் சில

*ஐஎஸ்பிஎன் வாங்கினால் காப்புரிமை வந்துவிடுமா?* இல்லை. அது புத்தகக் கடைக்கும் நூலகத்துக்குமான அடையாள எண். இந்தியாவில் இலவசமாகவே தருகிறார்கள். ‘காப்புரிமையும் ஐஎஸ்பிஎன்னும் சேர்த்து 5,000’ என்பவரிடம் ரசீது கேளுங்கள். புத்தகம் போட்டால் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாளுக்குள் கல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டியது பதிப்பாளரின் கடமை. சொந்தமாகப் போடுபவருக்கும் இது பொருந்தும். தேதியுள்ள பொதுச் சாட்சி அதுவும்.

*வட்டத்துக்குள் ‘சி’ போட வேண்டுமா?* கட்டாயம் இல்லை. போட்டால் ‘எனக்குத் தெரியாது’ என்று எதிராளி சொல்ல முடியாது. பெயர், ஆண்டு, ஒரு மின்னஞ்சல் முகவரி சேர்த்துப் போடுங்கள். அனுமதி கேட்க நினைப்பவருக்கு வழி வேண்டுமல்லவா?

*கிண்டிலில் தொகுப்புப் போடுகிறேன். ஃபேஸ்புக்கில் இருப்பதை அழிக்க வேண்டுமா?* சாதாரணமாகப் போட்டால் வேண்டாம். அமேசானின் ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் அந்த மின்நூல் உள்ளடக்கம் வேறெங்கும் டிஜிட்டலில் இருக்கக் கூடாது. மாதிரிக்கு 10 சதவீதம் வரை இருக்கலாம். சேர்வதற்கான கட்டத்தை யோசிக்காமல் டிக் செய்துவிட்டுப் பிறகு நூல் முடங்கியது என்று எழுதுகிறார்கள்.

*பாரதி, பாரதிதாசன், கண்ணதாசன் வரிகளை என் நூலில் எடுத்தாளலாமா?* பாரதி எழுத்துகளின் உரிமையை 1949-ல் சென்னை மாகாண அரசு பெற்று, பிறகு மக்களுக்கே பொதுவாக்கியது. பாரதிதாசன் எழுத்துகளும் நாட்டுடைமை. கண்ணதாசன் 1981-ல் மறைந்தார். 60 ஆண்டு 1982 சனவரி 1-ல் தொடங்கி 2041 டிசம்பர் 31-ல் முடியும். அதுவரை விமர்சனத்துக்காகச் சில வரி, பெயரோடு, எடுத்தாளலாம். முழுப் பாடலை அலங்காரமாகப் போட அனுமதி வேண்டும்.

*என் கவிதை எல்லோருக்கும் போகட்டும், பெயர் மட்டும் இருந்தால் போதும்.* கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் அதற்குத்தான். ‘பெயர் சொல்ல வேண்டும், வணிகம் கூடாது, மாற்றக் கூடாது’ என்ற வகையை எடுத்து, நூலின் இரண்டாம் பக்கத்தில் அறிவியுங்கள். ஒருமுறை கொடுத்துவிட்டால் அந்தப் பிரதிக்குத் திரும்பப் பெற முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

நான் மலேசியாவில் இருக்கிறேன். இந்திய இதழ் என் கவிதையை எடுத்துப் போட்டது. நான் எங்கே பதிவு செய்திருக்க வேண்டும்?
– ஈப்போ வாசகர்

எங்கேயும் வேண்டாம். இரண்டு நாடுகளும் காப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இருப்பதால் உங்கள் கவிதைக்கு இந்தியாவில் இந்தியர் கவிதைக்கு உள்ள பாதுகாப்பு உண்டு. மலேசியாவில் உரிமைக் காலம் மறைவுக்குப் பின் 50 ஆண்டு. அங்குள்ள அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் விருப்பப்பட்டால் அறிவிப்புச் செய்துவைக்கலாம். இலங்கை வாசகர்களும் கேட்டிருந்தார்கள்: அங்கே 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கச் சட்டப்படி மறைவுக்குப் பின் 70 ஆண்டு, பதிவு முறையே கிடையாது.

எனக்கு 71 வயது. நாற்பது நோட்டுக் கவிதை இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. தம்பி மகள்தான் படிப்பாள். என்ன செய்யலாம்?
– திருநெல்வேலி வாசகர்

உயில் எழுதுங்கள், ஐயா. வெளிவராத கையெழுத்துப் பிரதியை உயிலில் ஒருவருக்குக் கொடுத்தால், வேறு மாதிரி எழுதாதவரை அதன் காப்புரிமையும் அவருக்கே போகிறது (பிரிவு 20). நோட்டை மட்டும் இப்போது கையில் கொடுத்துவிட்டு உயில் எழுதாவிட்டால், நோட்டு தம்பி மகளிடம் இருக்கும், அச்சிடும் உரிமை பிள்ளைகளிடம் இருக்கும்; அவர் ஒவ்வொரு பிள்ளையிடமும் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும். நோட்டுகளுக்கு எண் போட்டு, ‘1 முதல் 40 வரை எண்ணிட்ட நோட்டுகளும் அவற்றில் உள்ள கவிதைகளின் காப்புரிமையும்’ என்று குறிப்பிடுங்கள். ஏற்கெனவே அச்சில் வந்தவற்றைத் தனி வரியில் எழுதுங்கள், அவற்றுக்குப் பிரிவு 20 தானாகப் பொருந்தாது. இரண்டு சாட்சிகள் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். தம்பி மகளோ அவர் கணவரோ சாட்சியாக வேண்டாம். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்துவைத்தால் நல்லது.